நாலாவது தந்தி

எங்கள் தெருவில் யாராவது பேய், ஆவி என்று ஆரம்பித்தால் கொடியில் துணி காய்ந்துவிட்டதா என்று பார்க்க எழுந்து போய்விடுவேன். பயத்தால் இல்லை, அலுப்பால். நான் சொல்வதைக் கேட்டு நீங்களும் அப்படி எழுந்து போனால் தப்பாக நினைக்கமாட்டேன்.

என் கணவர் வயலின் வித்வான். வருஷத்தில் பாதி நாள் ஜெர்மனியில் அங்குள்ள வயலின்காரர்களுக்கு நம் சங்கீதம் சொல்லிக்கொடுப்பார், மீதி நாள் சிட்லபாக்கத்தில் எங்கள் முன்னறையில் வகுப்பு. நின்று வாசித்தே பழகிய அந்த ஜெர்மன்காரர்களைத் தரையில் சம்மணம் போட வைத்து, இடதுகை விரல்களில் தேங்காயெண்ணெய் தொட்டுக்கொள்ளச் சொல்வார். தந்திமேல் விரல் வழுக்கிக்கொண்டு போகவேண்டுமாம். "சார், இது வயலினா, தோசையா?" என்று, அவரிடம் தமிழும் கற்றுக்கொண்ட ஜெர்மன் மாணவி ஹெலன் கேட்டது எங்கள் வீட்டில் பெரிய சிரிப்பு.

விமானத்துக்காகத் தந்திகளைத் தளர்த்தி எடுத்து வருவார். வீட்டுக்குள் வந்ததும் முகம்கூடக் கழுவாமல் பாயில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சுருதி சேர்ப்பார். நாலாவது தந்திக்கு மட்டும் சமையலறைப் பக்கம் குரல் வரும்.

"மீனா, சேந்துடுச்சா பாரு."

நான் பத்தாவதோடு நின்றவள், சங்கீதம் தெரியாது. ஆனாலும் காபி ஆற்றிக்கொண்டே, "இன்னும் கொஞ்சம் ஏத்துங்க" என்பேன். ஏற்றுவார். அப்புறம்தான் அவர் வீடு வந்து சேர்ந்தது போல எனக்கு இருக்கும்.

சுனாமிக்கு மறு வருஷம் அங்கேயே மாரடைப்பில் போய்விட்டார். பெட்டியில் வந்தார். திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள், முகம் பார்க்காமலே அனுப்பிவைத்தேன். காரியமெல்லாம் முடிந்தும் எனக்கு மட்டும் அவர் இன்னும் வரவில்லை, வழியில் எங்கேயோ நிற்கிறார் என்றே இருந்தது.

கொஞ்ச நாள் கழித்து ஹெலன் அவருடைய வயலினைக் கொண்டுவந்தாள். விளக்கு வைக்கிற நேரம். பாயில் பெட்டியை வைத்துவிட்டு என் பின்னாலேயே சமையலறைக்கு வந்தாள். "சார் பண்ற மாதிரி தந்தி லூஸ் பண்ணித்தான் எடுத்துட்டு வந்தேன், அக்கா" என்றாள்.

பால் பொங்கி வரும்போது முன்னறையில் தந்தி முறுக்கேறும் சத்தம் கேட்டது.

ஹெலன் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உள்ள யாரு அக்கா?"

நம்பினால் நம்புங்கள். முதல் தந்தி சேர்ந்தது, இரண்டாவது, மூன்றாவது. நாலாவது மெல்ல ஏறி வந்து, சேராமலே நின்றது. பிறகு சத்தமே இல்லை. அந்த அமைதி எனக்குப் பழக்கமானது, கேட்டுவிட்டு என் பதிலுக்காக அவர் காத்திருக்கும் அமைதி. நான் நின்ற இடத்திலிருந்தே சொல்லியிருக்கலாம். முகத்தை ஒருதரம் பார்த்துவிடலாமே என்று ஓடினேன்.

யாரும் இல்லை. பெட்டி மூடியபடியே இருந்தது. ஹெலன் திறந்து மீட்டிப் பார்த்தாள். மூன்று தந்தியும் அவர் சுருதியில் நின்றன, நாலாவது மட்டும் கொஞ்சம் கீழே. தந்திகளில் எண்ணெய் ஈரம். அவள் கை தானாக நாலாவதின் முறுக்காணிக்குப் போனது.

"தொடாதேம்மா" என்றேன்.

வயலினை என்னிடமே விட்டுவிட்டுப் போனாள். அதன்பின் யாரும் முறுக்காணியைத் தொட்டதில்லை. சும்மா இருக்கும் தந்தி இறங்கிவிடும் என்பார்கள், இந்த மூன்றும் இன்றுவரை இறங்கவில்லை. தினமும் காபி ஆற்றும்போது, வீட்டில் யாரும் இல்லையென்றால், வாய்விட்டுச் சொல்கிறேன். "இன்னும் கொஞ்சம் ஏத்துங்க."

போன ஆடியில் பெட்டியைத் துடைக்கும்போது நாலாவதை மீட்டிப் பார்த்தேன். ஒரு மயிரிழை ஏறியிருக்கிறது.