ஆன்ட்டியின் கம்பளிச் செருப்பு

லிவர்மோரில் எங்கள் வீட்டுக் கராஜில், செருப்பு அலமாரியின் கடைசித் தட்டில், நீல நிறக் கம்பளிச் செருப்பு ஒரு ஜோடி இருக்கிறது. எங்கள் வீட்டில் யாருடைய காலுக்கும் அது சேராது. பக்கத்து வீட்டு ஜெர்மன் ஆன்ட்டியுடையது. எண்பதைக் கடந்தவர், தனியாக இருந்தவர். நான் வேலை முடித்து, மலையைத் தாண்டி ஃப்ரீவே நெரிசலில் ஊர்ந்து வருவதற்குள் டேகேர் மூடிவிடும். அவர்தான் என் மகளை அழைத்து வந்து, ஆப்பிள் நறுக்கிக் கொடுத்து, தலை பின்னி வைத்திருப்பார். நம்மவர்கள் யாரைப் பார்த்தாலும் எந்த ஊர், எந்தத் தெரு என்று குடைந்தெடுக்கிற நான், அவரிடம் மட்டும் ஒன்றும் கேட்டதில்லை. ஆன்ட்டி என்று கூப்பிட்டாகிவிட்டது, அப்புறம் என்ன?

எங்கள் வீட்டில் அவருக்கு ரொம்பப் பிடித்தது, வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிடும் வழக்கம். "உங்க வீட்டுல காலடிச் சத்தமே கேட்காது" என்று ஆங்கிலத்தில் அடிக்கடி சொல்வார். மகளின் ஐந்தாவது பிறந்தநாளன்று பெரியவர் என்று எங்களுக்கு இருந்தது அவர் ஒருவர்தான். "ஆன்ட்டி கால்ல விழுந்து கும்பிட்டுக்கோடா கண்ணா" என்றேன். பட்டுப் பாவாடையோடு குழந்தை தரையில் நெற்றி பட விழுந்தாள். ஆன்ட்டி சுவரில் போய் மோதிக்கொள்ளும் அளவுக்குப் பின்வாங்கினார். "எழுந்திரு! எழுந்திரு!" என்று கத்தினார். பிறகு ஜெர்மனில் என்னென்னவோ சொன்னார். கேக்கைத் தொடாமலே போய்விட்டார். "நம்ம வழக்கம் அவங்களுக்குப் புரியல, விடு, ஃபீல் பண்ணாத" என்றார் என் கணவர். எவ்வளவு அடக்கமான மனுஷி என்று எனக்கு அவர்மேல் மரியாதை கூடத்தான் செய்தது.

சில வருடங்கள் கழித்து அவர் முகம் செய்தியில் வந்தது. இளம் வயதில் நாஜிகளின் பெண்கள் வதைமுகாம் ஒன்றில் காவல்காரியாக இருந்தவர். அதை மறைத்துத்தான் அமெரிக்காவுக்குள் வந்திருக்கிறார். நாட்டைவிட்டு அனுப்பச் சொல்லித் தீர்ப்பாகியிருந்தது. இங்கே கொடுக்க முடிந்த தண்டனை அவ்வளவுதான். கிளம்புவதற்கு முதல்நாள் மாலை வந்தார், பழக்கம்போல் செருப்பை வாசலில் விட்டுவிட்டு. குழந்தையை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகிறேன் என்றார். நான் மகளை உள்ளறையில் விட்டுக் கதவைச் சாத்தியிருந்தேன்.

"நிஜமா ஆன்ட்டி?" என்று கேட்டேன். இல்லை என்று சொல்லிவிட மாட்டாரா என்று அப்படி ஏங்கினேன்.

"அங்கே பொம்பளைங்க இப்படித்தான் விழுவாங்க, அன்னைக்கு உன் பொண்ணு விழுந்த மாதிரி. நான் பூட்ஸ் போட்டிருப்பேன்" என்றார்.

"ஒருத்தரையாவது தூக்கி விட்டீங்களா?"

"இல்லை."

உள்ளிருந்து மகள், "ஐ வான்ட் டு ஸீ ஆன்ட்டி!" என்று கதவைத் தட்டிக்கொண்டே இருந்தாள். நான் திறக்கவில்லை. ஆன்ட்டி அந்தக் கதவையே சற்று நேரம் பார்த்துவிட்டு, செருப்பை மறந்து, வெறுங்காலோடு புல்தரையைக் கடந்து போனார்.

ஜெர்மனியில் அவர்மேல் வழக்கு நடத்தச் சாட்சி போதவில்லையாம். ஒரு முதியோர் இல்லத்தில், படுக்கையில், வயதாகிச் செத்துப்போனார். இதெல்லாம் ஒரு தண்டனையா என்று எனக்கு வயிறு எரிகிறது. அதே சமயம், அவர் பின்னிவிட்ட ஜடையை அவிழ்க்க விடாமல் தூங்கிப்போன குழந்தை ஞாபகத்துக்கு வந்தால் அழுகை முட்டுகிறது. இத்தனை வருடங்களில் இரண்டில் ஒன்றுகூடக் குறையவில்லை.

போன மாதம் மகள் டெக்சாஸில் வேலைக்குச் சேரக் கிளம்பினாள். காரில் பெட்டிகளை ஏற்றிவிட்டு, கராஜிலேயே என் காலில் விழக் குனிந்தாள். அந்த நீலச் செருப்பு அவள் தலைக்கு நேராக இருந்தது. நெற்றி தரையைத் தொடுமுன் தோளைப் பிடித்துத் தூக்கிவிட்டேன். "அம்மா, ஆர் யூ ஓகே?" என்றாள். அவளை அணைத்துக்கொண்டு அழுதேன். ஒருத்தியைத் தூக்கிவிடுவது எவ்வளவு சுலபமாக இருக்கிறது. கொஞ்சம் குனிந்தால் போதும்.