எதிர்வீட்டுக் குடத்தில் மொண்ட தண்ணீர்

ஆரணியில் எங்களுக்குச் சாயப்பட்டறை. பட்டு நூலுக்குச் சாயம் போடுவேன். தெருவுக்குக் குடிநீர்க் கிணறு பட்டறையை ஒட்டி இருந்தது. தொண்ணூறுகளில் எதிர்வீட்டில் எல்லாருக்கும் வயிற்றுவலி. சாயம் கிணற்றில் இறங்கிவிட்டது என்று சொல்லி, பட்டறையை மூட மனு கொடுத்தார்கள். எனக்கு வேறு தொழில் தெரியாது.

மனுவின் பேரில் தண்ணீரைச் சோதிக்க வேலூர்ப் பக்கத்துக் கல்லூரியிலிருந்து ஒரு பெண் வந்தார். தண்ணீரில் ஈயம், குரோமியம் போன்ற விஷ உலோகம் துளியிலும் துளி இருந்தாலும் அவர்கள் மெஷின் காட்டிவிடுமாம். பட்டறைச் சாக்கடையில் ஒரு பாட்டில் பிடித்தார். கிணற்றுக்குப் போனால் எதிர்வீட்டு அக்கா குறுக்கே நின்றார்.

"அவன் பக்கெட்ட தொடாதம்மா. எங்க பித்தள குடத்துல மொண்டு தரேன். இப்பதான் ஈயம் பூசிகினு வந்தது, பளபளன்னு கீது பாரு."

"என் பக்கெட்டுல இன்னா, பாம்பா கீது?"

"நீ சும்மா இருப்பா. தண்ணிக்கும் கலர் போடுவ நீ."

கூடி நின்றவர்கள் சிரித்தார்கள். அக்கா ஊற்றியதை அந்தப் பெண் வாங்கிக்கொண்டு போனார்.

சில வாரம் கழித்து வெயிலில் பஸ் ஏறித் தனியாக வந்தார்.

"கிணத்துத் தண்ணியில ஈயம் இருக்குங்க."

என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள்.

"ஆனா உங்க சாக்கடையில இல்ல. அங்க இல்லாதது கிணத்துக்கு எப்படி வரும்? ரிப்போர்ட் இன்னும் குடுக்கல. மறுபடி எடுக்கணும்."

இந்த முறை பிளாஸ்டிக் பாட்டிலையே நைலான் கயிற்றில் கட்டிக் கிணற்றில் இறக்கினார். அதே தண்ணீரால் அலசி ஊற்றினார். திரும்ப இறக்கினார். அக்காவின் குடத்தைக் கேட்டு வாங்கி, அதில் தண்ணீர் நிறுத்திவைத்து இன்னொரு பாட்டில் எடுத்தார். அவசரமே இல்லை. நூலில் என் கைதான் நிதானம் என்று இருந்தேன். அவர் கை அதற்கும் மேலே.

பதில் வந்தது. கிணற்றில் ஈயம் இல்லை. குடத்தில் இருந்தது. குடத்துக்குப் பூச வேண்டியது வெள்ளீயம்; பூசியவன் அதில் மலிவான, விஷமான காரீயத்தைக் கலந்திருக்கிறான். இதை அவர் தெருவில் சொல்லவில்லை. அக்காவின் வீட்டுக்குள் போய் அவரிடம் மட்டும் சொன்னார். அக்காதான் பிறகு எங்களிடம் சொன்னார்.

வயிற்றுவலியும் அதனால்தானா என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன்.

"அத நான் டெஸ்ட் பண்ணலைங்க. டாக்டர்கிட்ட போகச் சொல்லியிருக்கேன்" என்றார். கூடவே, "உங்க சாக்கடையில குரோமியம் இருக்கு. கிணத்துக்கு இன்னும் வரல. வர விடாதீங்க."

மனு நின்றது. நான் சாக்கடையைச் சிமெண்டில் கட்டி, தெருக்கோடிக்குத் தள்ளிக் கழிவுநீர்த் தொட்டி வைத்தேன். கொத்தனார் பூசும்போது அக்கா வாசலில் நின்றார்.

"நாங்க எத்தினி வருஷமா கத்திகினு கீறோம். அந்தப் பொண்ணு சொன்னாதான் கேப்பியா?"

"ஆமாக்கா" என்றேன்.