பாப்பாவுக்கு எதுக்கு சன்ஸ்கிரீன்?

இன்று காலை கோயிலுக்குப் போகும் வழியில், மருந்துக்கடையில் பெரிய மகள் என் மானத்தை வாங்கிவிட்டாள். தப்பு அவள்மேல் இல்லை.

சன்ஸ்கிரீன் கேட்டேன். "யாருக்குக்கா?" என்றாள் கடைப்பெண்.

"ரெண்டு பொண்ணுங்களுக்கும்மா. ஸ்கூல்ல வெயில்லயே ஆடிக்கினு இருக்குதுங்க, தோல் என்னத்துக்கு ஆவும்? தினமும் போட்டுதான் அனுப்புறேன்."

கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன்.

பெரியவள் உடனே திருத்தினாள். "இல்லக்கா, எனக்கு மட்டும்தான். பாப்பா வெள்ளையா இருக்கா, அவளுக்கு வேணாம்."

கடைப்பெண் என் முகத்தைப் பார்க்காமல் பில் போட்டாள்.

நான் அப்படிச் சொன்னதே இல்லை. ஆனால் தினமும் காலையில் ஒருத்தியை மட்டும் நிறுத்திவைத்துத் தேய்த்தால் குழந்தைக்கு வேறென்ன புரியும்? எனக்குப் பட்டுக்கடையில் வேலை. நாள் முழுக்கப் புடவையைத் தோளில் போட்டுப் பார்த்து, "உங்க கலருக்கு இது எடுப்பா இருக்காதுமா" என்று சொல்கிற வாய். அதே கண்ணோடு வீட்டுக்கும் வந்திருக்கிறேன்.

வெளியே வந்ததும் டியூபைத் திறந்து சின்னவள் முகத்திலும் தேய்த்தேன்.

பெரியவள் பதறிப்போய்த் தங்கையை உற்றுப் பார்த்தாள். "ஏம்மா, பாப்பாவும் கருத்துட்டாளா?"

யாராவது எனக்கு ஒரு பதில் சொல்லிக்கொடுங்கள். "வெயில் எல்லாருக்கும் ஒண்ணுதான்டி" என்று சொல்லிப் பார்த்துவிட்டேன்.

"அப்ப இத்தினி நாளா எனக்கு மட்டும் ஏம்மா?" என்று கேட்கிறாள்.