நடிகர் ஏறிய கப்பல்

ஒரே செய்தியை இரண்டு ஏடுகள் இரண்டு விதமாகச் சொன்னால், இரண்டையும் ஒப்புநோக்கி எது சரி, எது பிழை என்று தீர்மானிக்க வேண்டும் எனப் பல்கலைக்கழகத்தில் எங்களுக்குக் கற்பிக்கிறார்கள். நான் அந்த வேலையை ஒன்பதாவது வயதில், அக்கராயனில் எங்கள் வீட்டு ஓலைக் கொட்டிலான மாலில், தக்க சான்றோடு செய்து முடித்தவள். தீர்ப்பு மட்டும் எனக்கு எதிராக அமைந்தது. விவகாரம் ஒரு சினிமா நடிகரின் வாழ்க்கையைப் பற்றியது.

அந்த ஆண்டு காலபோக நெல் விதைப்பு முடிந்த கையோடு சித்தப்பா கிளிநொச்சி பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் ஒரு தகரப்பெட்டி. அப்பாவுக்கு அவர் ஒரே தம்பி. பதினைந்தாவது வயதில் யாழ்ப்பாணத்து வீட்டை விட்டு ஓடியவர். கப்பலேறி இந்தியா போய், படம் பிடிக்கும் இடமொன்றில் விளக்குத் தூக்கும் வேலை பார்த்தவர். அப்பாச்சி இறந்தபோது அவர் வரவில்லை என்பதும் எனக்குத் தெரியும். தாய்க்குக் கொள்ளி வைக்க வேண்டியவன் இளைய மகன். தந்தி அடித்துவிட்டு, மறுநாள் பொழுது சாயும்வரை வாசல் படலையைப் பார்த்திருந்துவிட்டு, தம்பி பிடிக்க வேண்டிய கொள்ளியை அப்பாவே பிடித்தாராம். இதைச் சொல்லும்போதெல்லாம் அம்மா குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

வந்தவரை அப்பா போ என்று சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. அம்மாவிடம் மட்டும், "நெல்லு அரிவி வெட்டு முடியுமட்டும் நிக்கட்டும். பிறகு தன்ரை வழியைப் பாக்கட்டும்" என்றார். அதன்பின் நான்கு மாதங்கள் அண்ணனும் தம்பியும் ஒரே வரம்பில் நடந்தார்கள். ஒரே குசினியில் சாப்பிட்டார்கள். நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச்செல்லாம் என் வழியாகவே நடந்தது.

"பிள்ளை, வாய்க்கால் வெட்டியாச்சோ எண்டு கேள்."

சித்தப்பா இரண்டடி தள்ளித்தான் நிற்பார். ஆனாலும் நான் திரும்பி, அப்பா கேட்டதை மறுபடி கேட்ட பிறகே அவருக்குக் காது கேட்கும்.

"வெட்டியாச்சு எண்டு சொல்லு."

இந்தப் பதவியை நான் மிகுந்த பொறுப்போடு வகித்தேன். ஒரு சொல்லைக் கூட்டியதுமில்லை, குறைத்ததுமில்லை. ஒருநாள் அப்பா, "மாடு அவிண்டு நிக்குது, உந்த எருமைக்குச் சொல்லு" என்றபோது அதையும் அப்படியே ஒப்புவித்தேன். சித்தப்பா முகத்தில் ஒரு மாற்றமுமில்லாமல், "எந்த எருமைக்கு எண்டு கேட்டுக்கொண்டு வா" என்றார். குசினிக்குள் அம்மா சிரித்தது வெளியே கேட்டது.

மாலையில் விளக்கேற்றுவதற்கு முந்திய அரைமணி நேரம் சித்தப்பாவுக்கு உரியது. அப்போதுதான் அவர், தான் விளக்குப் பிடித்த படங்களில் வந்த நடிகரின் கதையை எனக்குச் சொல்வார். நடிகர் வில்லனாகத்தான் வருவாராம். ஆனால் கொட்டகை முழுவதும் அவருக்கே கை தட்டுமாம். நாடகத்தில் ராஜா வேடத்தில் நின்றபோது, முன்வரிசையில் கால்மேல் கால் போட்டிருந்த ஒரு ஜமீன்தாரைப் பார்த்து, மன்னன் நிற்கும்போது என்ன இருக்கை என்று கேட்டவர். கூலி கிடைக்காத தொழிலாளருக்காக, பூசிய முகப்பூச்சோடு படப்பிடிப்பை விட்டிறங்கி வாசலில் குந்தியவர். முதலாளி மன்னிப்புக் கேட்கச் சொன்னபோது மறுத்து, படமே இல்லாமல் பட்டினி கிடந்தவர்.

"ஆருக்கும் குனியமாட்டார், பிள்ளை. குனியத் தெரியாத ஆள்" என்பார் சித்தப்பா. அதைப் பெருமையாகச் சொல்கிறாரா, குறையாகச் சொல்கிறாரா என்று எனக்கு விளங்குவதில்லை.

அப்பா மாலின் மறுகரையில், எங்களுக்கு முதுகைக் காட்டியபடி, மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருப்பார். அந்த ஒரு மண்வெட்டிக்கு அவர் ஒரு மாதமாகப் பிடி போட்டார்.

நடிகர் சிறுவயதில் வீட்டை விட்டு ஓடிய காரணத்தை ஒருநாள் சித்தப்பா சொன்னார். "கூத்துப் பாக்கப் போனதுக்குத் தமையன் பூவரசந்தடியாலை பத்து அடி அடிச்சவர்."

"பிள்ளை, நாலடி எண்டு சொல்லு" என்றார் அப்பா, திரும்பாமலே.

"நாலடியாம், சித்தப்பா."

"அடிச்சவருக்கு நாலு, வாங்கினவருக்குப் பத்து எண்டு சொல்லு."

இந்திய நடிகர் ஒருவர் வாங்கிய அடி அப்பாவுக்கு எப்படித் தெரியும் என்று நான் வியக்கவில்லை. அப்பாவுக்குத் தெரியாதது எதுவுமில்லை என்பது அக்காலத்தில் என் உறுதியான நம்பிக்கை.

மாசியில் அரிவி வெட்டு முடிந்து, சூடடித்து, நெல்லும் வீடு வந்து சேர்ந்தது. சித்தப்பாவின் தகரப்பெட்டி துடைக்கப்பட்டு மாலின் வாசலுக்கு வந்தது. மறுநாள் காலைப் பஸ். அம்மா யாருடனும் அதிகம் பேசாமல், வழிக்குக் கட்டிக்கொடுக்கப் பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தார்.

அன்று காலை கடையிலிருந்து மல்லி சுற்றி வந்த தாளில் நடிகரின் படத்தைக் கண்டேன். நரைத்த தலையோடு ஓர் அம்மா கதிரையில் அமர்ந்திருக்க, குனியத் தெரியாத அந்த ஆள் அவருடைய கால்களைத் தொட்டு நன்றாகவே குனிந்திருந்தார். பிறந்தநாளில் தாயாரிடம் ஆசி பெறுகிறார் என்று கீழே அச்சிட்டிருந்தது. மேல் மூலையில் போன மாதத்துத் தேதி. தாளைத் தட்டி, மடித்து, பள்ளிக்கூடப் புத்தகத்துக்குள் வைத்தேன்.

மாலையில் சித்தப்பாவின் கதை வழக்கம்போல ஓடவில்லை. சொற்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தார்.

"ஒருநாள்... தாய் செத்துப்போனா எண்டு அவருக்குத் தந்தி வந்தது."

மண்வெட்டிப் பிடியைச் சீவிக்கொண்டிருந்த கை நின்றது. "தந்தி எப்ப கிடைச்சதெண்டு கேள்."

கேட்டேன்.

"அடுத்த நாள் பின்னேரம் எண்டு சொல்லு."

அந்தப் பதிலை நான் கொண்டுபோகவில்லை. என் பதவிக்காலத்தில் நான் சேர்ப்பிக்காத ஒரே செய்தி அது. புத்தகத்திலிருந்து தாளை எடுத்து விரித்தேன்.

"பொய், சித்தப்பா. அவரின்ரை அம்மா உயிரோடை இருக்கிறா. இஞ்சை படம் போட்டிருக்கு." படத்தின் கீழிருந்த வரியை உரக்க வாசித்தேன். தேதியையும் வாசித்தேன்.

சித்தப்பா தாளைப் பார்க்கவில்லை. "ஓம், பிள்ளை. எனக்குத்தான் பிழைச்சுப்போச்சு" என்று எழுந்தார். பெட்டி இருந்த பக்கமாக ஓரடி வைத்தார்.

அப்பா மாலின் இந்தக் கரைக்கு வந்தார். நான்கு மாதத்தில் அந்த நேரத்தில் அவர் இந்தப் பக்கம் வந்தது அதுவே முதல் தடவை. தாளை என் கையிலிருந்து வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு நாலாக மடித்து, தலைக்கு மேலே ஓலைச் செத்தையில் செருகினார்.

"பேப்பரிலை பிழையாப் போட்டிருக்கிறாங்கள்" என்றார். பின்பு, "நீ சொல்லு" என்றார்.

எனக்குத்தான் சொல்கிறார் என்று எண்ணி, மனப்பாடமாயிருந்த அந்த வரியை மறுபடி தொடங்கினேன். அப்பாவின் கை என் தலையில் வந்து மெல்ல அமர்ந்தது. நிமிர்ந்து பார்த்தேன். அவர் பார்வை என்னைத் தாண்டிப் போயிருந்தது.

சித்தப்பா நின்றபடியே சொன்னார். தந்தி கிடைத்த அன்று கப்பல் போய்விட்டதாம். அடுத்த நாள் கப்பலில் நடிகர் வந்தாராம். வீட்டுக்குப் போகாமல், விடியற்காலையில் நேரே சுடலைக்குப் போனாராம். தலை மழித்த அண்ணன் சாம்பல் அள்ள வந்ததைப் பனை மறைவில் நின்று பார்த்தாராம். முன்னுக்குப் போகக் கால் எழும்பவில்லையாம். வந்த வழியே திரும்பிவிட்டாராம்.

"ஒரு குரல் குடுத்திருக்கலாம்" என்றார் அப்பா.

"குடுத்தால் திரும்பிப் பாத்திருப்பியளோ, அண்ணை?"

அப்பா தோளிலிருந்த துவாயை எடுத்து முகத்தைத் துடைத்தார். பிறகு குசினிப் பக்கம் திரும்பி, "உந்தப் பெட்டியை உள்ளுக்கை எடுத்து வையும், மழை வந்தால் நனைஞ்சுபோம்" என்றார். மாசி மாதத்தில் என்ன மழை என்று அம்மா கேட்கவில்லை. கையிலிருந்த மாவைக் கழுவாமலே ஓடிவந்து பெட்டியைத் தூக்கினார்.

மறுநாள் காலைப் பஸ் எங்கள் படலையைக் கடந்து போனது. அதற்குச் சற்றுப் பின், சித்தப்பா சைக்கிளை மிதிக்க, அப்பா பின்னால் இருக்க, இருவரும் குளத்துப் பக்கம் போனார்கள். ஒருவரை முடிக்க விடாமல் மற்றவர் பேசிக்கொண்டு போனார். கேட்டுச் சொல்ல என்னை யாரும் அழைக்கவில்லை.

நான் செத்தையிலிருந்து தாளை எடுத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனேன். வாத்தியார் வாசித்துப் பார்த்து, நான் சொன்னதுதான் சரி என்றார். அது எனக்கு ஆறுதலாக இருக்கவில்லை. என்னிடம் படம் இருந்தது, தேதி இருந்தது; சித்தப்பாவிடம் வெறும் வாய்ச்சொல். அப்படியிருந்தும் அப்பா அவர் பக்கம் நின்றுவிட்டார்.

அதைவிடப் பெரிய குற்றம் ஒன்றும் அந்தக் கதையில் இருந்தது. நடிகர் பிறந்தது இந்தியாவில். தாய் வீடும் இந்தியாவில். அம்மாவின் செத்தவீட்டுக்குப் போக அவருக்குக் கப்பல் எதற்கு? அன்று மாலை கேட்டே தீர்வது என்று படலையடியில் காத்து நின்றேன். அவர்கள் ஒரே சைக்கிளில் சிரித்தபடி வந்து, என்னைக் காணாமலே உள்ளே போனார்கள். வளர்ந்த இரண்டு பேருக்கு இவ்வளவு பெரிய பிழை கண்ணில் படவில்லையே என்று, அவர்கள் இருவருக்குமாக நான் வெட்கப்பட்டேன்.