மாப்பிள்ளையின் காலர் போன்

என் மாப்பிள்ளை என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டவர்களுக்கு நான் மூன்று விதமாகப் பதில் சொல்லிப் பார்த்திருக்கிறேன். "சைக்கிள் ரேஸ்" என்றால், "அது சரி, வேலை?" என்பார்கள். "ஸ்போர்ட்ஸ்" என்றால், ரயில்வே கோட்டாவா போலீஸ் கோட்டாவா என்பார்கள். "பி.எம்.எக்ஸ்." என்று எழுத்தாகவே சொன்னபோது மட்டும் பக்கத்துத் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற தாசில்தார் மரியாதையாகத் தலையாட்டினார். ஏதோ அமெரிக்கக் கம்பெனி என்று நினைத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை.

அந்தச் சைக்கிளைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும். இருபது அங்குலச் சக்கரம். மகள் நான்காம் வகுப்புப் படித்தபோது வாங்கித் தந்த சைக்கிளும் அதே அளவுதான். ஆனால் அதில் கேரியர், மணி, மட்கார்டு, ஸ்டாண்டு, செயின் கவர், விளக்கு எல்லாம் இருந்தன. மாப்பிள்ளையின் சைக்கிளில் இந்த ஆறும் கிடையாது. சீட்டு உண்டு, ஆனால் அதில் உட்காருவதில்லை. பிரேக் ஒன்றே ஒன்று, பின்னால்.

"முன்னாடி பிரேக் எங்கே மாப்பிள்ளை?" என்று கேட்டேன்.

"நிக்கிறதுக்கா மாமா போறோம்?" என்றார்.

என் மனைவி சிரித்தாள். எனக்கு அதில் சிரிக்க எதுவும் தென்படவில்லை.

அவர் பள்ளிக்கரணைக்காரர். சதுப்பு நிலத்தின் ஓரத்தில் நெல் விளைவித்த குடும்பம். இப்போது அப்பா பைப்பு, பெயின்ட், குழாய் விற்கும் கடை வைத்திருக்கிறார். மகளின் கம்பெனி விழாவில் சைக்கிள் ஓட்டிக் காட்ட வந்த இடத்தில் பழக்கம். வித்தை காட்டுகிறவர் என்று நான் சொன்னபோதெல்லாம், "வித்தை இல்லப்பா, ரேஸ். அவருக்கு ஒரு சைக்கிள் கம்பெனி மாசச் சம்பளம் தருது" என்று அவள் திருத்துவாள். என்ன ரேஸ்? எட்டுப் பேர் ஒரு மண் மேட்டின் உச்சியில் வரிசையாக நிற்பார்கள். முன்னால் ஓர் இரும்புத் தட்டி. அது விழுந்ததும் சரிவில் பாய்ந்து, மண் திட்டுகள் மேல் தாவி, மூன்று வளைவுகள் திரும்பினால் முடிந்தது. நாற்பது விநாடி. ஒரு பந்தய நாளில் ஐந்து முறை, வருடத்தில் பதினைந்து பந்தய நாள் என்று தாராளமாக வைத்துப் பெருக்கினேன். வருடம் முழுவதற்கும் ஒரு மணி நேரம் வரவில்லை. மகளிடம் காட்டினேன்.

"மிச்ச எட்டாயிரத்து எழுநூறு மணி நேரமும் அதுக்குத்தாம்பா உழைக்கிறார்" என்றாள். கணக்கு என்னிடமிருந்து வந்த குணம். அதை என் மேலேயே பிரயோகிக்கிறாள்.

நான் தாம்பரத்தில் ரயில்வே சிக்னல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். அந்தத் தட்டிக்குப் பக்கத்திலும் சிக்னல் விளக்குகள் உண்டு. சிவப்பு, மஞ்சள், மறுபடி மஞ்சள், பச்சை. எச்சரிக்கைக் குரல் ஒலித்த பிறகு அவை எப்போது எரியும் என்று ஓட்டுகிறவருக்குத் தெரியக் கூடாதாம். யாரும் முன்கூட்டிக் கிளம்பாமல் இருக்க, வேண்டுமென்றே இடைவெளியை மாற்றி மாற்றி வைக்கிறார்கள். ஒரு சிக்னல் நம்ப முடியாததாக இருக்க வேண்டும் என்று மெனக்கெட்டுச் செய்த ஆட்களை நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை. அந்த விளக்கை நம்பித்தான் என் பெண்ணின் குடும்பம் நடந்தது.

தலை தீபாவளிக்கு அவர் புனேயில் பயிற்சி முடித்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். மகள் இரண்டு நாள் முன்பே வந்திருந்தாள். விடியற்காலையில் மனைவி மணை போட்டு, கோலம் போட்டு, எண்ணெய்க் கிண்ணத்தோடு கூப்பிட்டாள். அவர் பனியன் மேல் டீ-ஷர்ட்டும் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"சட்டையக் கழட்டுங்க மாப்பிள்ளை, எண்ணெய் ஆயிடும்."

"பரவால்ல அத்த, பழசுதான். தலைக்கு மட்டும் வெச்சி வுடுங்க."

"கூச்சமாம்" என்று மனைவி மகளிடம் சொல்லிச் சிரித்தாள். அவர் குளிக்கப் போன பிறகுதான் சீயக்காய் அடுப்படியிலேயே இருப்பது தெரிந்தது. என் கையில் கொடுத்து அனுப்பினாள். எங்கள் குளியலறைத் தாழ்ப்பாள் உயரத்தில் இருக்கிறது; ஒரு கையால் கதவை இழுத்துப் பிடித்து மறு கையால் போட வேண்டும். அவர் போடவில்லை. லேசாகத் தள்ளினேன், திறந்துகொண்டது.

இடது தோளிலிருந்து மார்பு வரை நீலமும் மஞ்சளுமாகக் கன்றியிருந்தது. கழுத்துக்குக் கீழே எலும்பின் மேல் ஒரு புடைப்பு. இடது கையை வயிற்றோடு ஒட்டி வைத்துக்கொண்டு வலது கையால் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தார்.

"மாமா, கதவச் சாத்துங்க."

சாத்தினேன், உள்ளே நின்றபடி. "உடைஞ்சிருக்கா?"

"ஒடையல. காலர் போன்ல கோடு வுட்டுக்கீது. புனேல எக்ஸ்ரே எடுத்தேன்."

"அவளுக்குத் தெரியுமா?"

"தோள் புடிச்சிகினு கீதுன்னு சொல்லிக்கீறேன். நீங்க எதனா சொல்லி வெக்காதீங்க."

"ஞாயித்துக்கிழமை ஓட்டப் போறீங்களா?"

"பின்ன?"

ஞாயிற்றுக்கிழமை கூடுவாஞ்சேரிப் பக்கம் தேர்வுப் பந்தயம். இறுதிச் சுற்றில் முதல் மூன்று பேருக்கு வெளிநாட்டில் பயிற்சி. அந்த மூன்றில் வந்தால்தான் அடுத்த வருட ஒப்பந்தம் என்று அவருடைய கம்பெனி சொல்லிவிட்டதாம். அவருக்கு வயது இருபத்தொன்பது. அந்த விளையாட்டில் அது ஏறக்குறைய என் வயது.

"இத வுட்டா அவ்ளோதான் மாமா. அப்பா கடைல குந்திகினு பைப்பு வெட்ட வேண்டியதுதான்."

"கௌரவமான தொழில்தானே மாப்பிள்ளை?"

"அப்ப நீங்க போயிக் குந்துங்க."

தலை தீபாவளி அன்று, என் வீட்டுக் குளியலறையில், நான் கொண்டுபோன சீயக்காயைக் கையில் வாங்கிக்கொண்டு இதைச் சொன்னார்.

மகளிடம் ஏன் உடனே சொல்லவில்லை என்று பிறகு மனைவி கேட்டாள். சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அவள் அழுவாள். அவர் இரண்டு வார்த்தை பேசுவார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் தோளுக்குப் பட்டை ஒட்டிவிடுவாள். கல்யாணமே அப்படித்தான் நடந்தது. அதனால் அவரிடமே இன்னும் இரண்டு முறை பேசிப் பார்த்தேன். முதல் முறை காதில் எதையோ மாட்டிக்கொண்டார். இரண்டாம் முறை, "நீங்க டென்சன் ஆவாதீங்க, பி.பி. ஏறிக்கப் போவுது" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மகள் காரில் நானும் போனேன். ஜி.எஸ்.டி. ரோட்டை விட்டு உள்ளே திரும்பினால் ஒரு மனைப்பிரிவு. விற்காத மனைகளின் மேல் மண்ணைக் கொட்டித் தடம் அமைத்திருந்தார்கள். எல்லைக் கற்களை வைத்து எண்ணினேன், முப்பத்திரண்டு மனைகள். ஐப்பசியில் மண் தடத்தில் பந்தயம் வைத்தவர் யாரோ, அவர் இந்த ஊரில் ஒரு மழைக்காலமாவது இருந்து பார்த்திருக்க மாட்டார். முதல் நாள் மழையில் வழுக்கிய இடங்களில் மரத்தூள் தூவிக்கொண்டிருந்தார்கள்.

அவர் நன்றாகத்தான் ஓட்டினார். அதை நான் மறைக்கப் போவதில்லை. மூன்று சுற்றுகளில் இரண்டாவது, மூன்றாவது, இரண்டாவது என்று வந்து இறுதிச் சுற்றின் எட்டுப் பேரில் ஒருவரானார். மகள் கத்திக் கத்திக் குரல் போயிருந்தாள். நான் அவருடைய இடது கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் திட்டின் மேல் சைக்கிளைத் தூக்கும்போது இரண்டு முழங்கையும் மடங்கின. அவருக்கு ஒன்றுதான் மடங்கியது.

இறுதிச் சுற்றுக்கு முன் கார் மறைவில் ஹெல்மெட் போட முயன்றார். கை தோளுக்கு மேல் எழவில்லை. "எனக்குக் கல்யாணமாயிடிச்சில்ல, நீதான் போட்டு வுடணும்" என்று மகளிடம் சொன்னார். "ஆமா, சின்னக் கொழந்த" என்று அவள் சிரித்துக்கொண்டே தலையில் மாட்டி, தாடைக்குக் கீழே பட்டியைப் பூட்டினாள். அவள் தலைக்கு மேலே அவர் முகம் எனக்குத் தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் ஆம்புலன்ஸ் பக்கத்துக் கூடாரத்துக்குப் போனேன். ஒரு பெண் டாக்டர், இளவயது, மடக்கு மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார்.

"நாற்பத்தொண்ணாம் நம்பர், நீலச் சட்டை. இடது காலர் போன்ல விரிசல். புனேல எக்ஸ்ரே எடுத்திருக்காங்க" என்றேன்.

"நீங்க யாரு சார்?"

"மாமனார்."

அவர் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுந்தார். மேட்டின் உச்சியிலிருந்து மாப்பிள்ளையை இறக்கிக் கூட்டிவந்தார்கள். டாக்டர் சட்டையின் மேலேயே இரண்டு விரலால் அழுத்தினார். அவ்வளவுதான், வேறு சோதனை தேவைப்படவில்லை.

"யாரு சொன்னது?" என்று மகள் எல்லோரையும் கேட்டாள். டாக்டர் மேஜையைப் பார்த்தார். நான், "நான்தான்" என்றேன்.

மாப்பிள்ளை சைக்கிளைப் புல்லில் சாய்த்தார். "இன்னா மாமா, சந்தோஷமா? போயி ஸ்வீட்டு வாங்கிக் குடுங்க எல்லாருக்கும்."

இறுதிச் சுற்று ஏழு பேருடன் நடந்தது. முதல் லேன் அவருக்கு ஒதுக்கியது. அது காலியாக இருந்தது. தட்டி விழுந்தது. முதல் வளைவில் மூன்று பேர் ஒருவர் மேல் ஒருவராக விழுந்தார்கள். மிச்சம் நான்கு பேர். அதில் மூவர் வெளிநாடு போனார்கள்.

"பாத்தியா?" என்றேன்.

"என்னத்தப் பாக்கறது? விழுந்தவங்க வெளிப்பக்கம்ப்பா. இவரு உள்பக்கம் முதல் லேன். தாண்டிப் போயிருப்பாரு."

"உள்பக்கம் இவர் இருந்திருந்தா இவர் மேலதான் வந்து விழுந்திருப்பாங்க."

"தெரியுமா உங்களுக்கு?"

"உனக்குத் தெரியுமா?"

அவள் கார் சாவியை எடுத்துக்கொண்டாள். "நீங்க ட்ரெயின்ல போயிடுங்கப்பா. இப்ப உங்ககூட என்னால உக்கார முடியாது."

ஷேர் ஆட்டோவில் கூடுவாஞ்சேரி ஸ்டேஷன் போய், மின்சார ரயிலில் தாம்பரம் வந்தேன். உட்கார இடம் கிடைத்தது. வழி முழுவதும் அந்த எட்டுப் பேரை மனதில் நிறுத்தி, முதல் வளைவில் திருப்பிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அவர் விழுந்தார். அவள் பார்த்தால் ஒவ்வொரு முறையும் தாண்டிப் போவார். இந்தக் கணக்கை யாரும் சரிபார்க்க முடியாது. ஆனால் உடைந்த எலும்போடு ஒருவர் சாலையில் வண்டி ஓட்டினால் பிடித்து நிறுத்துவோம், இல்லையா? அதைத்தான் செய்தேன். நாளைக்கும் செய்வேன்.

கம்பெனி ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. எலும்பு கூடிவிட்டது என்று மகள் அம்மாவிடம் போனில் சொன்னாள். பொங்கலுக்கு அவர்கள் வரவில்லை. மாப்பிள்ளை இப்போது கடையில் இருக்கிறார். கேட்கிறவர்களுக்கு, பள்ளிக்கரணையில் சொந்தக் கடை என்று ஒரே வரியில் சொல்கிறேன். எல்லோருக்கும் உடனே புரிகிறது.

போன மாதம் சமையலறைக் குழாய் ஒழுகியது. எங்கள் தெருமுனையிலேயே இரண்டு கடைகள் உண்டு. நான் பஸ் ஏறிப் பள்ளிக்கரணை போனேன். கடையில் நான்கு பேர் காத்திருந்தார்கள். அவர் ஒருவருக்குப் பைப்பு அறுத்துக்கொண்டிருந்தார். இடது கையால் அழுத்திப் பிடித்திருந்தார், நன்றாகவே. என் முறை வந்தது.

"வாங்க சார். இன்னா வேணும்?"

அவர் என்னை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. பின்னால் நின்றவர் நகரச் சொல்லி என் முதுகில் லேசாக இடித்தார்.

"தோள் எப்படி இருக்கு மாப்பிள்ளை?"

"வாஷரா சார்? அரை இஞ்சா, முக்காலா?"

"அரை" என்றேன். வாஷர் ஒன்றைக் காகிதத்தில் மடித்து என் பக்கம் தள்ளிவிட்டு, "அடுத்தது யாரு?" என்றார்.