கூப்பிடாதவர் வீட்டுக் கரண்டு

என் கையெழுத்துக்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோனது. ல, ள, ழ மூன்றும் இடம் மாறி உட்கார்ந்திருந்தால் நீங்களே எழுப்பி இடத்தில் உட்கார வைத்துப் படித்துக்கொள்ளுங்கள்.

வாயால் சொல்லியிருக்கலாம். ஆனால் நாலு பேர் என் முகத்தைப் பார்த்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எங்கள் வீட்டுக்கு மின்சாரக் கார் வந்த நாளிலிருந்து நாலு பேருக்கும் என் முகத்தைப் பார்ப்பதே வேலையாகிவிட்டது. டீக்கடையில், சலூனில், துக்க வீட்டில்கூட, "ஏனுங், ஒருக்கா சார்ஜ் போட்டா எத்தன தூரம் போகுமுங்க?" என்று கேட்கிறார்கள். உண்மையைச் சொன்னால் பாதிப் பேர் "அவ்வளவுதானா?" என்கிறார்கள். மீதிப் பேர் "சும்மா சொல்லாதீங்க" என்கிறார்கள். இரண்டு தரப்புக்கும் சேர்த்து ஒரே பதிலாக இதை எழுதுகிறேன்.

கவுண்டம்பாளையத்தில் எங்கள் வீட்டு முன்பக்கத்தில் இட்லி மாவுக் கடை வைத்திருக்கிறோம். அரைப்பது நான், விற்பது என் மனைவி. வாய் வேண்டிய வேலை எல்லாம் அவளுடையது. மகன் காந்திபுரத்தில் செல்போன் கடையில் வேலை பார்க்கிறான். அதனால் உலகத்தில் உள்ள எல்லாமே ஒரு வகைச் செல்போன் என்று நினைக்கிறான். கார் வாங்கும் பேச்சு வந்தபோது, "ராத்திரி சொருகி வெச்சுட்டுப் படுத்துக்கலாம், காலைல எடுத்துட்டுப் போலாம், போன் மாதிரித்தாம்பா" என்றான். எங்கள் வீட்டில் ராத்திரி சொருகி வைத்த எந்தப் போனும் காலையில் நிறைந்திருந்து நான் பார்த்ததில்லை. யாராவது நடுவில் பிடுங்கியிருப்பார்கள். அதை நான் அப்போது சொல்லவில்லை. நான் எதைத்தான் சொன்னேன்?

கார் வந்ததும் வீடு இரண்டு கட்சியானது. ஒன்று கார் கட்சி, இன்னொன்று கிரைண்டர் கட்சி. இரண்டும் ஒரே நேரத்தில் ஓடினால் மெயின் விழுந்துவிடும். வீடே இருட்டில் உட்கார்ந்திருக்க, தாயும் மகனும் நீயா நானா என்று பேசிக்கொள்வார்கள். நான் ஸ்டூல் போட்டு ஏறி மெயினைத் தூக்கிவிடுவேன். நான் எந்தக் கட்சி என்று இருவரும் கேட்பார்கள். நான் ஸ்டூல் கட்சி.

இப்படி இருக்கும்போதுதான் ஆவணி மாதம் என் பேத்திக்குக் கொடுமுடிக் கோயிலில் காது குத்து வந்தது. எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குழந்தைக்குக் காது குத்துவார்கள். தாய்மாமன் என்றால் என் மகன். மடியும் சீர்த்தட்டும் நேரத்துக்குப் போய்ச் சேராவிட்டால் என் மகள் மாமனார் வீட்டார் முன்னால் தலைகுனிந்து நிற்கவேண்டும். அந்த மாமனார், அதாவது எங்கள் சம்பந்தி, குனிந்த தலையைக் கண்டால் ஒரு குட்டு வைக்காமல் போகிறவர் இல்லை.

அதற்கு முன்னால் எங்கள் பக்கத்துச் சொந்தங்களை அழைக்கவேண்டும். என் மனைவிக்குக் கூடப்பிறந்த ஆண்பிள்ளை கிடையாது. சென்னிமலையில் பெட்ஷீட் வியாபாரம் செய்கிற அவளுடைய பெரியம்மா மகன்தான் அண்ணன் முறைக்கு எல்லாம். என் மகளுக்கும் மகனுக்கும் காது குத்தியது அந்த மச்சான் மடியில்தான். வெற்றிலை பாக்கோடு நேரில் போய் அழைத்தால்தான் அவருக்கு அது அழைப்பு. மகன் கணக்குப் போட்டான். "ஒரு மாமாவுக்காகச் சென்னிமலை போய்ட்டு வந்தா ஒரு முழுச் சார்ஜ் வேஸ்டுப்பா" என்றான். பத்திரிகையைப் படம் பிடித்து அவர் போனுக்கு அனுப்பிவிட்டான். இரண்டு நீலக் கோடு விழுந்தது. "மாமா பாத்துட்டாரு" என்று போனைச் சட்டைப் பையில் போட்டான். மாமாவிடமிருந்து பதில் வரவில்லை. பதில் வராததை நான் கவனித்தேன். நான் கவனிப்பேன், அவ்வளவுதான்.

விசேஷத்துக்கு முந்தின நாள் மகன் காரைச் சொருகிவிட்டுப் படுத்தான். மறுநாள் கடை பூட்டியிருக்கும், வாடிக்கைக்காரர்களுக்கு முன்கூட்டியே மாவு கொடுக்கவேண்டும் என்று என் மனைவி காரைப் பிடுங்கிவிட்டுக் கிரைண்டரைப் போட்டாள். அரைத்து முடித்து, மாவு வழித்து, கல்லைக் கழுவி, அலுத்துப்போய்ப் படுத்தவள் காரை மறந்துவிட்டாள். காலையில் பார்த்தால் கார் பாதி வயிற்றோடு நிற்கிறது.

"கேட்டுட்டுப் புடுங்கியிருக்கலாமல்லம்மா?"

"காரு ஒரு நாள் பட்டினி கெடந்தா சாகாது. காலைல மாவு இல்லீன்னா ஊரே பட்டினி கெடக்கும்."

வழியில் ஒரு ஓட்டலில் சார்ஜ் போடும் மிஷின் இருக்கிறது என்று மகனின் போன் சொன்னது. போன் சொன்னால் அவனுக்குத் தெய்வவாக்கு. கிளம்பினோம். சார்ஜ் குறையும் என்று ஏசி போடவில்லை. ஜன்னலைத் திறந்தால் காற்று பிடித்து இழுக்கும், அதிலும் குறையும் என்று கண்ணாடியையும் ஏற்றிவிட்டான். பட்டுச் சேலையில் வெந்துகொண்டிருந்த என் மனைவி கேட்டாள்:

"மூச்சு உட்டாக் கொறையுமா கண்ணு?"

ஓட்டல் வந்தது. மிஷினும் இருந்தது. போன வருட ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அதன் நெற்றியில் காய்ந்து கிடந்தன. கழுத்தில் ஒரு சருகு மாலை. மகன் போனை நீட்டி நீட்டிக் காட்டினான். அது கண்ணைத் திறக்கவில்லை. காவலாளி வந்து, "மிஷின் ஜம்முனு இருக்குதுங்க. அதுக்கு லைன்தான் இன்னும் குடுக்கலீங்க" என்றார்.

"போன்ல இருக்குதுன்னு போட்டிருக்குதுங்களே?"

"இருக்குதுங்களே! இதா, இருக்குதுங்களே!" என்று மிஷினைத் தட்டிக் காட்டினார்.

திரும்ப வண்டியில் ஏறினோம். இருக்கிற சார்ஜ் கொடுமுடி வரை பத்தாது என்று மகன் சொன்னான். பிறகு என் மனைவி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "சென்னிமலைல அண்ணன் ஊடு இருக்குது" என்றாள். மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் அந்த நீலக் கோடு இரண்டும் ஞாபகம் வந்தன. வேறு வழி இல்லை.

மச்சான் வாசலில் நின்று மினி டெம்போவில் பெட்ஷீட் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "வாங்க மாப்ள. வா அம்மணி. வா கண்ணு." எங்கள் பக்கத்து மரியாதை அப்படி. உள்ளே எவ்வளவு எரிந்தாலும் 'வாங்க' வெளியே குளிர்ந்துதான் வரும். நாங்கள் பட்டு உடுத்தியிருந்தோம். பின்சீட்டில் சீர்த்தட்டும் வாழைப்பழத் தாரும் கண்ணாடி வழியாக அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. எங்கே போகிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

வந்த காலோடு கரண்டு கேட்க முடியுமா? தண்ணீர் வந்தது, குடித்தோம். அவர் வீட்டம்மா சந்தகையும் தேங்காய்ப்பாலும் கொண்டுவந்து வைத்தார், தின்றோம். மகன் மடியில் சார்ஜ் ஒயர் பாம்பாட்டியின் பாம்பு மாதிரி சுருண்டு கிடந்தது. சுவரில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. கொடுமுடியில் என் மகள் வழியைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

கடைசியில் மகன்தான், "மாமா, காருக்குக் கொஞ்சம் சார்ஜ் போட்டுக்கலாமுங்களா?" என்றான்.

மச்சான் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "அழைப்ப போன்லயே அனுப்பிச்சுப்போட்ட. கரண்டையும் போன்லயே கேட்டிருந்தா, நானும் ஒரு படம் புடிச்சு அனுப்பியிருப்பனே கண்ணு?"

நான் தேங்காய்ப்பால் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். அவர் ஒயரை வாங்கினார், தாமே கொண்டுபோய்ச் சுவிட்சில் சொருகினார், வந்து உட்கார்ந்தார். "எத்தன நேரம் போடோணும்?"

"ஒரு மூணு நாலு மணி நேரம் மாமா."

"காது குத்து எத்தன மணிக்கு?"

மகன் கடிகாரத்தைப் பார்த்தான்.

வாசலில் டெம்போ டீசல் நிறைந்து நின்றுகொண்டிருந்தது. அதை அவரும் பார்த்தார், நாங்களும் பார்த்தோம். என் மனைவி சட்டென்று எழுந்து காருக்குப் போனாள். சீர்த்தட்டு ஒன்றை எடுத்து, அதிலிருந்த துணிகளை இறக்கிவைத்துவிட்டு, வெற்றிலை பாக்கு, தேங்காய், பழம் வைத்துக்கொண்டு வந்தாள். "அண்ணா, பேத்திக்குக் காது குத்து வெச்சிருக்குது. குடும்பத்தோட வந்து நடத்திக் குடுக்கோணும்."

"எப்ப அம்மணி?"

"இன்னிக்குத்தானுங்ணா."

"நேரத்துலயே வந்து கூப்புட்டுட்ட போ" என்றார். அவர் வீட்டம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். மச்சான் சிரிக்கவில்லை. தட்டையும் வாங்கவில்லை. "நீ கூப்புட்ட, சரி. மாப்ள கூப்புடோணுமல்ல? இருவத்தஞ்சு வருசமா நீயேதான் பேசற. அவரு வாயி என்ன, அதுக்கும் சார்ஜ் போடோணுமா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இந்த இடத்தில்தான் எனக்கு நாக்கு ஒட்டும். ஒட்டியது. மகன் தலையைக் குனிந்துகொண்டான். என் மனைவி தட்டை என் கையில் வைத்து, முதுகில் ஒரு விரலால் அழுத்தினாள், கிரைண்டர் சுவிட்சை அழுத்துகிற மாதிரி.

"மச்சான், வாங்க" என்றேன். அது போதாது என்று அவர் முகம் சொன்னது. "உங்க மடில காது குத்துன புள்ளைக்குப் பொறந்த புள்ள. நேர்ல வந்து கூப்புடாதது தப்புத்தானுங்க. சார்ஜ் மிச்சம் புடிச்சோமுங்க. நீங்க வரோணும்."

இவ்வளவு நீளமாக நான் பேசி என் மனைவியே கேட்டதில்லை. மச்சான் தட்டை வாங்கித் தம் மனைவியிடம் கொடுத்துவிட்டு எழுந்தார். "மூட்டைய எறக்க நேரமில்ல. ஏறு கண்ணு."

அவர் வீட்டம்மா காருக்குக் காவலாக இருந்துகொண்டார். முன்னால் அவரும் என் மனைவியும். பின்னால் பெட்ஷீட் மூட்டை மேல் நானும் மகனும், எங்கள் நடுவில் சீர்த்தட்டுகளும் வாழைப்பழத் தாரும். காற்று ஏராளமாக இருந்தது. அதனால் எதுவும் குறையவில்லை. கொடுமுடியில் இறங்கியபோது ஆசாரி ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு சலித்துப்போய் நின்றார். என் மகளுக்கு அழுகை கண் ஓரம்வரை வந்திருந்தது. அண்ணனைப் பார்த்ததும் அதைத் துடைத்துக்கொண்டு திட்ட ஆரம்பித்தாள். மகன் பட்டுச் சட்டையெல்லாம் பஞ்சோடு உட்கார்ந்து குழந்தையை மடியில் வாங்கினான். பக்கத்தில் மச்சான் உட்கார்ந்து குழந்தையின் தலையைப் பிடித்துக்கொண்டார். பேத்தி இருவரையும் உதைத்தாள்.

சம்பந்தி டெம்போவைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "கரண்டு காரு வாங்கியிருக்கறதாச் சொன்னாங்களே?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மச்சான் சொன்னார்: "வாங்கியிருக்கறாங்க. அது எங்க ஊட்ல விருந்துக்கு உக்காந்திருக்குதுங்க. இன்னும் கை கழுவல."

சாயங்காலம் சென்னிமலைக்குத் திரும்பினோம். இத்தனை நேரத்தில் கார் நிறைந்திருக்கவேண்டும். நிறையவில்லை. நாங்கள் கிளம்பின கொஞ்ச நேரத்தில், சட்னி அரைக்க மிக்ஸிக்கு வேண்டும் என்று அவர் வீட்டம்மா ஒயரைப் பிடுங்கியிருந்தார். "அது சும்மா நின்னுட்டுத்தான இருந்துச்சு" என்றார். என் மகன் வாயைத் திறந்தான். என் மனைவி அவனைப் பார்த்தாள். மூடிக்கொண்டான். மறுபடி சொருகினோம், மறுபடி உட்கார்ந்தோம், மறுபடி தின்றோம்.

ஆகவே, கேட்டவர்களுக்கு என் பதில்: எங்கள் கார் ஒருமுறை சார்ஜ் போட்டால், நாங்கள் நேரில் போய் அழைக்காத சொந்தக்காரர் வீட்டு வாசல் வரை போகும். அதற்கு மேல் போவது உங்கள் சாமர்த்தியம்.

மகனுக்குப் பெண் அமைந்திருக்கிறது. நாளைக்கு நிச்சயத்துக்கு அழைக்கக் கிளம்புகிறோம். முதல் வீடு சென்னிமலை. போனில் படம் அனுப்பும் பேச்சை யாரும் எடுக்கவில்லை. மாவு அரைத்து முடிந்தது. கிரைண்டரை நிறுத்திக் காரைச் சொருகியாகிவிட்டது. யாரும் பிடுங்காமல் பார்த்துக்கொள்ள ஸ்டூலைப் பக்கத்திலேயே போட்டு உட்கார்ந்து இதை எழுதினேன்.

ஐப்பசி மாதம், வளர்பிறைப் புதன்கிழமை.