எதிரே நின்று கற்ற வீச்சு

துவைத்த துண்டை ஜெயக்கொடி உடனே காயப்போட மாட்டாள். ஓரத்தைப் பிடித்துச் சுழற்றித் துவைகல்லில் சளப்பென்று அடிப்பாள். துண்டு வட்டமாக விரிய வேண்டும், விரியாவிட்டால் மறுபடியும். "துணியத் தொவைக்கிறியா, பேய ஓட்டுறியா?" என்பாள் பக்கத்து வீட்டு ராமக்காள். "புரோட்டா வீசுறேன்க்கா" என்றால் யார் நம்புவார்கள்?

செல்லூரில் முத்துப்பாண்டியின் புரோட்டா கடையில் மாவு உருட்டுவது அவள் வேலை. மேடைக்கு அந்தப் பக்கம் சிவனாண்டி மாஸ்டர் வீசுவார். இந்தப் பக்கம் இவள். உருண்டையை விரல்கள் பார்த்துக்கொள்ளும். கண் அவர் மணிக்கட்டை விட்டு இறங்காது. இருந்தும் 'நான் வீசுறேன்' என்று கேட்கத் துணிந்ததில்லை. ஒரு பெண் வீசி அவள் பார்த்ததே இல்லை.

பார்த்துவிட்டாள்! பரவைக்கு ஒரு காதுகுத்துக்குப் போன இடத்தில், சாலையோரக் கடையில் மலையம்மாள் என்று ஒருத்தி வீசிக்கொண்டிருந்தாள். தன் பேருந்து கிளம்பிப் போனதுகூடத் தெரியாமல் ஜெயக்கொடி பார்த்துக்கொண்டே நின்றாள். மறுநாள் முதலாளியிடம் மூச்சு வாங்கச் சொன்னாள்: "என் ஒசரம், என் ஒடம்புதாண்ணே! சேலைய இழுத்துச் சொருகிக்கிட்டு என்னமா வீசுது! அதுக்கு வாரது எனக்கு வராதா?"

சிவனாண்டி சொந்தக் கடை போடக் கிளம்பும் நேரம். முத்துப்பாண்டி தலையைச் சொறிந்தார். "ஞாயித்துக்கெழம சாயங்காலம் நீ நில்லு. தேறலைன்னா திண்டுக்கல்லுல இருந்து மாஸ்டர் வாரான். பெறகு இந்தப் பேச்சே கூடாது."

ஞாயிறு கடையில் உட்கார இடமில்லை. முதல் வீச்சில் மாவு கிழிந்து தொங்கியது.

"யக்கா, வலை பின்னுறியா?" என்றான் ஒருவன்.

"பொறு தம்பி, மீனு இனிமேத்தான்!"

அடுத்தது விரிந்தது. கீழே கருங்கல்லின் புள்ளிகள் தெரியும் அளவுக்கு விரிந்தது. கடையே 'ஓ' என்றது. சிவனாண்டி மட்டும் புருவத்தைச் சுருக்கினார்.

"ஏத்தா, நீ எடக்கையா?"

"இல்லண்ணே, எல்லாம் சோத்துக்கைதான்."

"பெறகு ஏன் எடது கையில வீசுற?"

"நீங்க இப்பிடித்தானண்ணே வீசுவீக?"

எதிரே நின்று, கண்ணாடியில் பார்ப்பதுபோல் பார்த்தே கற்றிருக்கிறாள் என்பது புரிந்ததும் அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கைய மாத்திராத, ஓட்டம் கெட்டுப்போகும்!"

முத்துப்பாண்டி திண்டுக்கல் மாஸ்டருக்குப் போன் போட்டார். "வர வேணாம்ப்பா. இங்க ஆளு இருக்கு."

ஜெயக்கொடி நிமிரவில்லை. மேடையில் மிச்சமிருந்த மாவு உருண்டைத் தட்டுகளையெல்லாம் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.